எங்கள் வரலாறு யாருடைய அலுமாரியில் இருக்கிறது?

கனடாவில் இருப்பவர்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். அவுஸ்திரேலியாவில் விடியப்புறமே எழும்பி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் வரலாற்று ஆய்வாளர் இல்லை. லண்டனில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன், இடையிடையே கதை எழுதுகிறேன். புலம்பெயர்ந்த எங்கள் வரலாற்றைப் பாதுகாப்பது பற்றிப் பேசச் சொன்னபோது, எனக்கு அதற்கு என்ன தகுதி என்று தயங்கினேன். பிறகுதான் யோசித்தேன். வார்டில் நான் நாளாந்தம் செய்கிற முதல் வேலையின் பெயரே ‘ஹிஸ்டரி எடுப்பது’தான். புதிதாக ஒருவர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். எப்போது தொடங்கியது, முன்பு என்ன வருத்தம் இருந்தது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்போம். அவரால் பேச முடியாவிட்டால் உறவினரைக் கேட்போம். உறவினருக்கும் தெரியாவிட்டால் பழைய கோப்பைத் தேடுவோம். மூன்றும் இல்லாவிட்டால் இருட்டில் கை தடவுகிற வைத்தியம்தான்.

தாதியர் டிப்ளோமா படித்த காலத்தில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த பாடம் ஒன்று உண்டு: எழுதி வைக்காத வேலை செய்யாத வேலை. மருந்து கொடுத்தேன் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும், கோப்பில் திகதியும் நேரமும் கையெழுத்தும் இல்லையென்றால் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒரு சமூகத்துக்கும் இது பொருந்துகிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. லண்டனில் பிறந்த உங்கள் பிள்ளைகளிடம் ‘ஏர்ல் வில்லியம்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தெரியாது. எனக்கும் இந்த நாட்டுக்கு வந்து பல வருடம் தெரியாது.

1987 பெப்ரவரியில் 64 பேர் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, நாங்கள் இலங்கைத் தமிழர், எங்களுக்கு அடைக்கலம் வேண்டும் என்றார்கள். உள்துறை அமைச்சு, நாங்கள் எல்லோரும் ‘ஹோம் ஒஃபிஸ்’ என்று சொல்கிற அந்த அலுவலகம், மறுத்துவிட்டது. 17ஆம் திகதி திருப்பி அனுப்ப விமானத்தடிக்குக் கொண்டுபோனபோது, அவர்களில் பலர் உடுப்பைக் களைந்து உள்ளாடையோடு நின்று ஏற மறுத்தார்கள். அது மாசிக் குளிர். படங்கள் பத்திரிகைகளில் வந்தன. நீதிமன்றத் தடை வந்தது, அன்று விமானம் அவர்கள் இல்லாமலே போனது. அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் நாடாளுமன்றத்தில் ஒரு புதிய சட்டத்தை அறிவித்தார். உரிய விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான, கப்பல் நிறுவனங்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம். இன்றைக்கும் விமானத்தில் ஏறுமுன் நிறுவன ஊழியர்கள் எங்கள் விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களே, அந்த வழக்கத்துக்குப் பின்னால் குளிரில் நின்ற அந்தத் தமிழர்களும் இருக்கிறார்கள்.

அதே ஆண்டு மே மாதத்தில் ஹோம் ஒஃபிஸ் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய பயணிகள் கப்பலை வாடகைக்கு எடுத்து, ஹாரிச் துறைமுகத்தில் கட்டி, அடைக்கலம் கேட்டவர்களை அதில் அடைத்து வைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் எங்கள் ஆட்கள். ஒக்டோபர் 16 அதிகாலையில் தென் இங்கிலாந்தை அடித்த பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய் மணல்திட்டில் தட்டியது. அதற்குப் பிறகுதான் தற்காலிக அனுமதியோடு அவர்களை வெளியே விட்டார்கள். 2023 இல் போர்ட்லண்ட் துறைமுகத்தில் அகதிகளை மிதவைக் குடியிருப்பில் வைத்தபோது, இப்படியும் செய்வார்களா என்று எங்கள் இளம் ஆட்களே ஆச்சரியப்பட்டார்கள். முப்பத்தாறு வருடத்துக்கு முன் இருந்தவர்கள் உங்கள் மாமாமார்தான் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு ‘சிவகுமாரன்’ வழக்குத் தெரியும். 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு அது. அடைக்கலம் கேட்பவர் தனக்கு ஆபத்து வருவதற்கு ‘நியாயமான அளவு சாத்தியம்’ இருப்பதைக் காட்ட வேண்டும் என்ற அளவுகோல் அதிலிருந்து வந்தது. அந்த வழக்கில் தமிழர்கள் தோற்றார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் ஐந்து பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1989 இல் மேன்முறையீட்டை விசாரித்த நடுவர் அவர்கள் பக்கம் தீர்த்தார், திரும்பவும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு, 1991 இல், ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பிரித்தானியா அவர்களை அனுப்பியதில் உரிமை மீறல் இல்லை என்றது. ‘வில்வராஜா’ வழக்கு என்று அது ஐரோப்பாவெங்கும் பாடமாகப் படிக்கப்படுகிறது. தமிழ்ப் பெயர்கள் சட்டப் புத்தகத்தில் மேற்கோளாகி நிற்கின்றன. அந்தப் பெயர்களுக்குள் இருந்த ஆட்களை எங்களுக்குத் தெரியாது.

இதையெல்லாம் நான் எங்கே படித்தேன்? நாடாளுமன்ற உரைப் பதிவுகளில், தீர்ப்புகளில், ஆங்கிலப் பத்திரிகைகளில். எல்லாம் அவர்களுடைய அலுமாரியில் இருக்கிற கடதாசி. அவர்களுக்குத் தேவையான கேள்விகளைக் கேட்டு, அவர்களுக்குத் தேவையான பதில்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் சோற்றுக்கு என்ன செய்தார்கள்? வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் கப்பலைப் பற்றி எழுதினார்களா, இல்லை ‘சுகமாக இருக்கிறேன்’ என்று மட்டும் எழுதினார்களா? புயல் அடித்த இரவில் யார் தேவாரம் படித்தார், யார் செபமாலை சொன்னார்? இந்தக் கேள்விகளை ஹோம் ஒஃபிஸ் கேட்காது. நாங்கள்தான் கேட்க வேண்டும். பதில் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. என்னுடைய வார்டுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள்.

எங்களை எண்ணியதுகூட அண்மையில்தான். இங்கிலாந்தின் குடிசனக் கணக்கெடுப்பில் ‘உங்கள் பிரதான மொழி என்ன’ என்ற கேள்வி 2011 இல்தான் முதல்முறை வந்தது. அப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் ஒரு இலட்சம் பேர் தமிழ் என்று எழுதினார்கள். 2021 இல் அது சுமார் 1,25,000. அதற்கு முன் வந்த தலைமுறைகள், ஐம்பதுகளில் வந்த வைத்தியர்கள், எழுபதுகளில் வந்த மாணவர்கள், 83 க்குப் பிறகு வந்த அகதிகள், எல்லோரும் மொழிக் கணக்கில்லாத ஆட்கள்.

நாங்கள் ஏன் இப்படி ஆவணத்தில் அக்கறையில்லாமல் இருந்தோம் என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் படவில்லை. ஆவணத்தைப் பறிகொடுத்த சமூகம் நாங்கள். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஓலைச் சுவடிகளும் வேறு பிரதியில்லாத பழைய பதிப்புகளும் அதில் அடக்கம். பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் மறைந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தக் கதை சிறுவயதில் புனிதர்களின் கதைபோலச் சொல்லப்பட்டது. ஒரு குருவானவர் புத்தகத்துக்காக உயிர்விட்டார் என்பது குழந்தையாக எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. சோமீதரன் எடுத்த ‘எரியும் நினைவுகள்’ ஆவணப்படம் அந்த இரவைச் சாட்சிகளின் வாயால் பதிந்து வைத்திருக்கிறது. பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

சினிமாவுக்கும் அதே கதிதான். 1983 யூலைக் கலவரத்தில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களில் பலவற்றின் பிரதி இன்று எங்கும் இல்லை. பெயர்களும் பாட்டுகளும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

மிச்சத்தை நாங்களே அழித்தோம், பயத்தில். எங்கள் அம்மா ஒரு அல்பத்தை உரப்பையில் சுற்றி மாமரத்தடியில் தாட்டதை நான் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு வருபவர் கண்ணில் எந்தப் படம் எந்த அர்த்தத்தைக் கொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிறகு தோண்டியபோது முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. லண்டனுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் விடவில்லை. 2001 இல் இந்த நாட்டில் புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்ட நேரம், வீட்டிலிருந்த கசெட்டுகளையும் சஞ்சிகைகளையும் இரவோடிரவாகக் குப்பையில் போட்டோம் என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் சிலர் சேர்த்தார்கள். லண்டனில் இருக்கும் பத்மநாப ஐயரை இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்தபோதும் லண்டனுக்கு வந்த பிறகும் வாழ்நாள் முழுக்கப் புத்தகம் தேடி, சேர்த்து, பகிர்ந்தவர். ‘கிழக்கும் மேற்கும்’, ‘இன்னுமொரு காலடி’, ‘யுகம் மாறும்’, ‘கண்ணில் தெரியுது வானம்’ என்று அவர் தொகுத்த பெருந்தொகுப்புகள், தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்பதற்கு இன்று எங்களிடமுள்ள முக்கியமான சான்று. நூலகர் என். செல்வராஜா 2002 முதல் ‘நூல்தேட்டம்’ தொகுதிகளை வெளியிட்டு வருகிறார். தொகுதிக்கு ஆயிரம் நூல் என்று, ஈழத்தவர் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பதிகிறார். கிங்ஸ்டனில் தமிழ்த் தகவல் நடுவத்தை நடத்திய வரதகுமார், 2019 இல் மறையும்வரை, எங்கள் அரசியல் வரலாற்றின் கடதாசிகளைக் காத்துவந்தார்.

இணையத்தில் 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடக்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் தந்தது. 2005 இல் ஈழத்து நூல்களுக்கென்றே ‘நூலகம்’ தொடங்கியது. எரிந்த நூலகத்தின் நினைவோடு வளர்ந்த இளம் ஆட்கள், உலகின் பல மூலைகளிலிருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, புத்தகம், பத்திரிகை, நினைவு மலர், பாடசாலை மலர் என்று வருடிப் போட்டார்கள். இன்று அம்மம்மாவின் ஊர்க் கோயில் மலரை ரொறன்ரோவில் இருந்து ஒருவர் வாசிக்கலாம்.

பிரதி தூரத்தில் இருப்பது நல்லது என்பதற்குப் பழைய சான்று ஒன்று சொல்கிறேன். 1578 இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று எங்களுக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அது. அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அச்சடித்த ஊரில் இல்லை. ஒருவர் கொண்டுபோனதால் அது பிழைத்தது. அதே நேரம், பெரிய இடத்தில் இருந்தால் போதும் என்றும் இருக்க முடியாது. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகளைத் திருடர் தாக்கியபோது, மாதக்கணக்கில் அதன் பட்டியலைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எந்த நாட்டிலும் ஆபத்துத்தான்.

ஆக, புத்தகத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குக் கவலை வீடியோவைப் பற்றியது. லண்டன் தமிழரின் உண்மையான வரலாறு புத்தகத்தில் இருப்பதைவிட விஎச்எஸ் கசெட்டில்தான் அதிகம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். எண்பதுகளில், தொண்ணூறுகளில் நாங்கள் புத்தகம் எழுதவில்லை. பெற்றோல் நிலையத்திலும் சமையலறைகளிலும் இரவு பகலாக நின்றோம். ஆனால் கலியாணம், சாமத்திய வீடு, ஞானஸ்நானம், கோயில் திருவிழா, நத்தார் கரோல், தமிழ்ப் பள்ளிக் கலைவிழா எல்லாவற்றையும் வீடியோ எடுத்தோம். ஒரு பிரதி ஊருக்குப் போகும், ஒன்று கனடாவுக்குப் போகும். அம்மா அப்பா வர முடியாத கலியாணத்தை அவர்களுக்குக் காட்ட வேறு வழி இருக்கவில்லை.

எங்கள் தேவாலயத்தில் ஒருவர் இருந்தார். பழைய ஆட்கள் எல்லோரும் அவரை ‘வீடியோ அண்ணை’ என்றுதான் சொல்வார்கள். வாரநாளில் தொழிற்சாலை, வார இறுதியில் தோளில் கமரா. கிழக்கு லண்டனில் பத்துப் பதினைந்து வருடம் நடந்த நல்லது கெட்டதெல்லாம் அவருடைய கண்ணூடாகப் போயிருக்கிறது. எடுத்த மூலக் கசெட்டுகளை ஒன்றுவிடாமல் வீட்டுக் கராஜில் வைத்திருந்தார். கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்தது. மனிதர் முதலில் ஆங்கிலத்தை மறந்தார், பிறகு வீட்டு முகவரியை மறந்தார். அவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போன பிறகு, வீட்டைப் பெருப்பிக்க கராஜை இடித்தார்கள். மகன் நல்ல பிள்ளை, பாவம், அவருக்கு என்ன தெரியும்? பூஞ்சணம் பிடித்த பழைய கசெட்டுகள்தானே என்று இரண்டு தரம் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கழிவு நிலையத்தில் கொட்டிவிட்டார். நான் கேள்விப்பட்டு ஓடிப்போனபோது ஒரே ஒரு பெட்டி மிஞ்சியிருந்தது. அதில் 23 கசெட்.

அந்தப் பெட்டி என் வீட்டில் மூன்று மாதம் கிடந்தது. போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. விஎச்எஸ் கருவி தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழையது கிடைத்தாலும் திருத்த ஆள் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. நாடா காந்தத் தூளைப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக். ஈரம் பட்டால் பசை கழன்று தூள் உதிரும், கருவியின் தலையில் அப்பும். காகிதம் இருநூறு வருடம் தாங்கும். இது முப்பது நாற்பது வருடம் தாங்கினாலே அதிகம். யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பாளர் சங்கமும் சேர்ந்து 2019 இல் ஓர் எச்சரிக்கை விடுத்தன. 2025 அளவில் உலகின் பல இடங்களில் காந்த நாடாவைத் திரும்ப ஓடவிடுவதே முடியாமல் போகும் என்பது நிபுணர்களின் கணிப்பு. பிரித்தானியத் திரைப்பட நிறுவனம்கூட, அழியும் நிலையிலிருந்த ஒரு இலட்சம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் காப்பாற்றத் தனித் திட்டம் போட வேண்டியிருந்தது. தொலைக்காட்சி நிலையத்துக்கே அந்த நிலை என்றால் எங்கள் கராஜ்களுக்கு என்ன நிலை?

ஒருவழியாக ஒரு கருவியைக் கண்டுபிடித்து, என் மருமகனைக் கொண்டு கணினிக்கு மாற்றத் தொடங்கினோம். 23 இல் 6 ஓடவேயில்லை. ஓடியவற்றில் ஒன்று 1993 இல் எடுத்த கலியாணம். பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் ஒரு சின்ன ரேப் ரெக்கோடரை ஒலிவாங்கிக்கு முன்னால் வைக்கிறார்கள். பெண்ணின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து ஆசீர்வாதத்தைப் பதிந்து அனுப்பியிருக்கிறார். அந்தக் கசெட் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, கொழும்பு வந்து, லண்டன் வந்திருக்கிறது. வீடியோ அண்ணை கமராவை மணமக்களிடமிருந்து திருப்பி, சனத்தின் முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகிறார். சோறு கையில் அப்படியே நிற்கிறது. தகப்பனின் குரலுக்குப் பின்னால் விர்ரென்று ஒரு சத்தம், கூடிக் குறைந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது.

“மாமி, ரேப் பழுதாப் போச்சு போல. அந்தச் சத்தத்தை எடுத்துவிடட்டா?” என்று மருமகன் கேட்டான். மென்பொருளில் ஒரு பொத்தானை அமத்தினால் போய்விடுமாம்.

நான் அவன் கையைப் பிடித்தேன். அது பழுது இல்லை, சைக்கிள் டைனமோ. 1990 இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, உழக்கி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் ரேடியோ கேட்போம். எங்கள் அப்பா இரவு பிபிசி தமிழோசை கேட்பதற்காக நான் உழக்கியிருக்கிறேன். உழக்கு குறைந்தால் லண்டன் குரல் இழுபடும். 1941 இல் தொடங்கி 2017 இல் வானொலியாக நின்றுபோன அந்த ஒலிபரப்பை, எங்கள் வீட்டில் என் கால்தான் கேட்க வைத்தது. அந்தக் கலியாணத்துக்காகவும் யாரோ ஒரு பிள்ளை, ஒரு தகப்பன் தன் மகளுக்குச் செபிக்கும்வரை, சைக்கிள் உழக்கியிருக்கிறது. பொருளாதாரத் தடை என்பதை எந்த அறிக்கையும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை.

இப்படிப்பட்ட வீட்டுப் பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளியுலக உதாரணமும் இருக்கிறது. பாடகி எம்.ஐ.ஏ. ஹவுன்ஸ்லோவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986 இல் லண்டனுக்குத் திரும்பி வந்தவர். பாடகியாகுமுன் ஆவணப்படம் எடுக்க விரும்பியவர். குடும்பத்தை, வீட்டை, 2001 இல் இலங்கைக்குப் போனபோது உறவினரை என்று பதிந்துகொண்டே இருந்தார். அந்த நூற்றுக்கணக்கான மணிநேரப் பதிவை நண்பர் ஸ்டீவ் லவ்றிட்ஜிடம் கொடுத்தார். அதிலிருந்து வந்த படம் 2018 இல் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. உலகம் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தது. நான் பார்த்தது ஒரு லண்டன் தமிழ் வீட்டை. கசெட்டை வைத்திருந்ததால்தான் படம் வந்தது.

இவையெல்லாம் உணர்ச்சிக்கு மட்டும்தானே, ஆவணம் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். கரீபியன் தீவுகளிலிருந்து வந்து இந்த நாட்டின் மருத்துவமனைகளைக் கட்டியெழுப்பிய தலைமுறையோடு நானும் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் வந்திறங்கிய அட்டைகள் க்ரொய்டனில் ஹோம் ஒஃபிஸ் வைத்திருந்தது. எங்கள் ஆட்கள் அசைலம் அடிக்க விடிய விடிய வரிசையில் நின்ற அதே க்ரொய்டன். 2010 இல் அந்த அட்டைகளை அழித்தார்கள். பிறகு, நீ எப்போது வந்தாய், நிரூபி என்று அதே அலுவலகம் கேட்டது. ஐம்பது வருடம் வரி கட்டியவர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். ஒருவரிடம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 54,000 பவுண் கேட்கப்பட்டது. ‘விண்ட்ரஷ்’ அநியாயம் என்று 2018 இல் அது வெளியே வந்தது. அந்தச் செய்தி வந்த அன்று, வார்டில் எங்கள் மூத்த தாதி ஒருவர், “அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டை நான் எறியவில்லை, தேவனுக்கு நன்றி” என்றார். அவர் அதைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தார்.

அந்தச் சமூகம் கடதாசியின் அருமையை முன்னமே உணர்ந்திருந்தது. லென் கரிசன் முதலானோர் 1981 இல் பிரிக்ஸ்டனில் கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்த அதே ஆண்டு. தங்களுக்கென்று நிலையான கட்டடத்தைத் திறக்க அவர்களுக்கு 2014 ஆனது. முப்பத்து மூன்று வருடம் பெட்டிகளைக் காவித் திரிந்திருக்கிறார்கள். நாங்கள் லண்டனில் எத்தனை மண்டபம், எத்தனை கோயில், எத்தனை தேவாலயம் கட்டியிருக்கிறோம்! ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஈரம் படாத ஓர் அலுமாரி, அதைக் கவனிக்க ஒருவர். அதுகூடத் தொடக்கத்துக்குப் போதும்.

ஆனால் கவனமும் வேண்டும். நோயாளியின் கோப்பைக் கண்டவர் கையில் கொடுக்க முடியாது. இதுவும் அப்படித்தான். அந்தக் கலியாண வீடியோவை நான் எங்கும் போடவில்லை. விசாரித்து அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். அவரிடம் பிரதி இல்லை. தகப்பன் 95 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் இறந்துவிட்டார். முதலில் அவர் பார்க்கட்டும், என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும் என்று கொடுத்தேன். சில பதிவுகளில் இருப்பவர்களின் உறவினர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். சிலருக்கு வெட்கம், சிலருக்குப் பயம், சிலருக்கு அந்தக் கலியாணமே முறிந்துவிட்டது. இருபது வருடம் திறக்காதே என்று எழுதி ஒட்டிவிட்டும் வைக்கலாம். அழிப்பது வேறு, மூடி வைப்பது வேறு.

இன்னொன்று. நல்லதை மட்டும் சேர்க்காதீர்கள். ஏஜென்சிக்குக் கட்டிய கடன், சாதி பார்த்துக் குழம்பிய கலியாணம், இயக்கத்துக்குக் காசு கொடுத்தவர் கதை, கொடுக்க மறுத்தவர் கதை, சமூக நிகழ்ச்சிகளில் ஒருநாளும் மேடையேறாமல் குசினிக்குள்ளேயே நின்ற பெண்களின் கதை, எல்லாமே வேண்டும். ஹிஸ்டரி எடுக்கும்போது நோயாளி மறைக்கிற வருத்தம்தான் பெரும்பாலும் முக்கியமான வருத்தம்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கசெட்டுகளைப் பரணிலும் கராஜிலும் வைக்காதீர்கள். வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில், புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கருவிக்குள் போட்டுப் பார்க்காதீர்கள், இருப்பதும் கிழிந்துபோகும். மாற்றியதை மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். மூலத்தை எறியாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். பெயர் தெரிந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் இருத்தி, தொலைபேசியில் அவர் குரலைப் பதியுங்கள். என்ன இருந்தது என்று கேட்பதைவிட, என்ன சமைத்தீர்கள், யாரோடு அறையில் இருந்தீர்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள். வாய் திறப்பார்கள்.

வீடியோ அண்ணை போன மாரியில் காலமானார். கடைசியாகப் பார்க்கப் போனபோது அந்தக் கலியாணத்தைக் கணினியில் போட்டுக் காட்டினேன். என்னையும் தெரியவில்லை, மணமக்களையும் தெரியவில்லை. ஆனால் முகங்கள் ஒவ்வொன்றாகப் போகும்போது அவருடைய வலது கை கமராவைப் பிடித்ததுபோல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அவரிடம் ஹிஸ்டரி எடுக்க எனக்கு இருபது வருடம் இருந்தது. ஞாயிறு தோறும் ஒரே வாங்கில் இருந்தோம். ஒரு நாளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கசெட்டின் பெட்டியில் இப்படி எழுதி ஒட்டினேன்: ‘1993. கிழக்கு லண்டன். கலியாண வீடு. எடுத்தவர்: வீடியோ அண்ணை. பின்னால் கேட்பது பழுது அல்ல, சைக்கிள் டைனமோ. அழிக்க வேண்டாம்.’ கீழே திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.